மண் தூக்கும் நாள்

கெமைண்ட என்னும் ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் போயாக வேண்டும். இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் பிந்திப் போய், அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு எனக்கும் என் கணவருக்கும்தான் தெரியும். அதனால், ஒரு மார்ச் மாதக் காலையில் ஊர்த் தபால்காரி ஹோட்டலின் பின்கதவுக்கு வந்து, மற்றக் கடிதங்களோடு சேர்க்காமல் என் கையிலேயே ஒரு தாளைத் தந்தபோது ஈரக் கையோடேயே வாங்கிப் பிரித்தேன். தாளின் தலைப்பில் ஊர்ச் சின்னம் இருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி, பள்ளிக்கூட மண்டபம் என்பது விளங்கியது. மிச்சம் முழுக்க எங்கடின் என்ற இந்த மலைப் பள்ளத்தாக்கு மக்களின் ரோமான்ஷ் மொழியில் இருந்தது. அந்த மொழி எனக்குக் காதால் பாதி விளங்கும். கண்ணால் கால்வாசியும் இல்லை.

"என்ன பிழை விட்டனீர்?" என்று கணவர் கேட்டார். அவர் அதே ஹோட்டலில் சமையல்காரர். நான் அங்கே காய்கறி வெட்டுபவள், பாத்திரம் கழுவுபவள், ஆள் குறைந்தால் எல்லாமும்.

"நான் ஒண்டும் விடேல்லை."

"அப்ப என்னத்துக்குக் கூப்பிடுறாங்கள்? எதுக்கும் சம்பளத் துண்டையும் கொண்டுபோம்."

நான் சம்பளத் துண்டு, விசா அட்டை, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு, பாடன் நகரில் மகளின் பட்டமளிப்புக்கு உடுத்த உடுப்பை உடுத்திக்கொண்டு போனேன். மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். எல்லோர் காலிலும் சேற்றுச் சப்பாத்து. மாட்டு வாசனை. சுவரில் மலைச்சரிவின் வரைபடம். மேசையில் கோப்பியும் கேக்கும். நான் ஃபைலை மார்போடு அணைத்தபடி முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். விண்ணப்பம் கொடுக்க வந்தவள் போல அரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது, அது கட்டளை இல்லை, அழைப்பு என்று. வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் முன்வரிசையில் இருந்து எப்படி ஓடுவது?

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு கடை, எங்கள் ஹோட்டல். வீடுகளில் பாதிக்கு மேல் வெளியூர்ப் பணக்காரர்களின் விடுமுறை வீடுகள். வருடத்தில் பத்து மாதம் அவற்றின் யன்னல்கள் பூட்டியபடியே இருக்கும். மிச்ச வீடுகளில் இந்த மண்ணுக்கே உரிய சனம், ரோமான்ஷ் பேசும் பழைய குடும்பங்கள். ஊருக்கு மேலே மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள் உண்டு. ஒருகாலத்தில் பார்லியும் உருளைக்கிழங்கும் விளைந்த இடம். இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே மாட்டுக்கு வைக்கோல்புல் மட்டும்தான். மனிதர் சாப்பிடுவது முழுக்க ரயிலிலும் லொறியிலும் வரும்.

அந்த மாரியில், குளிர்காலத்தில், பனிச்சரிவு விழுந்து பாதையும் ரயிலும் ஐந்து நாள் அடைபட்டன. முதல் நாள் ஹோட்டல் விருந்தினர் படம் எடுத்து மகிழ்ந்தார்கள். மூன்றாம் நாள் ஊர்க்கடையில் கடுகுச் சாந்தும் நாய்ச் சாப்பாடும் மட்டும் மிச்சம். சனம் ஹோட்டல் பின்கதவுக்கு மா கேட்டு வந்தது. என் கணவர் அளந்து அளந்து கொடுத்தார். கொடுக்கக் கடிதம் எதுவும் இல்லாத தபால்காரி வீடு வீடாகப் போய் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். மாடு தின்ன எல்லாம் இருந்தது. மனிதர் தின்னப் பாலும் வெண்ணெய்க்கட்டியும்தான். அந்த ஐந்து நாளில் அவளுக்கு வந்த வெட்கம்தான் இந்தக் கூட்டம்.

அவளுக்கு என் வயது, ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. பெரிய கைகள், பெரிய குரல். ஊர்ப் பொதுக்காணியில் மூன்று படிகளைத் திருப்பி எடுத்து, எல்லோரும் சேர்ந்து உணவுப் பயிர் செய்ய வேண்டும் என்றாள். எனக்காக ஜெர்மனிலும் ஒருதரம் சொன்னாள். அவர்கள் சொன்னதையெல்லாம் நான் என் வாய்த்தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன், அப்படியே எழுதுகிறேன்.

"நாங்கள் என்ன சாப்பிடுறது எண்டதை ரயில்காரன் தீர்மானிக்கக் கூடாது. நாங்கள் தீர்மானிக்கோணும்."

அதற்கு ஜெர்மனில் ஒரு நீளச் சொல் வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். அப்போது அதற்குப் பெயர் எதுவும் இருக்கவில்லை. பசித்தது, நட்டோம், அவ்வளவுதான்.

"இஞ்ச ஆர் மண்ணில வேலை செய்திருக்கிறியள்? மாடு இல்லை, பயிர்" என்று கேட்டாள். இரண்டு கிழவர்கள் கை தூக்கினார்கள். நானும் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன் என்று தெரியாது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுச் சாமான் வராத காலத்தில் என்ன நட்டீர்கள் என்று கேட்டார்கள். "மரவள்ளி" என்றேன். அது இங்கே வருமா என்று ஒருவர் கேட்டார். "இஞ்ச வந்தா நான் மொட்டை அடிக்கிறன்" என்றேன். மண்டபம் சிரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊர் என் வாயிலிருந்து வந்த ஒன்றுக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அன்று எனக்கு ஆசை வந்தது. மறைத்து என்ன, எனக்கு அந்தக் காணியில் ஒரு பங்கு வேண்டும் என்று ஆசை வந்தது. ஹோட்டல் ஊழியர் வீட்டில் இரண்டு அறையில் இருப்பவள் நான். மற்றவர் விளைத்ததை இருபத்திரண்டு வருடமாகத் தோல் உரித்துக்கொண்டிருப்பவள். எனக்கென்று நான்கு பாத்தி. கேட்டால் பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்த பிறகு வேலையில் கவனம் இல்லை, விரலை இரண்டு தரம் வெட்டிக்கொண்டேன்.

முதல் கோடைக்கு மட்டும் பரீட்சார்த்தமாக மூன்று படிகளைத் தந்தார்கள். மாரிக்கு முன் ஊர்க்குடிகள் கூடி, தொடர்வதா இல்லையா, யாருக்குப் பங்கு என்று முடிவெடுப்பார்கள். ஊர்க்குடிகள் என்றால் இந்த ஊரின் குடியுரிமை உள்ள குடும்பங்கள். பொதுக்காணி அவர்களுடையது. இது எனக்கு முதலே தெரியும். தெரிந்தும் காதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் சிரமதானம், ஊர் கூடிச் செய்யும் வேலை. மண்வெட்டியோடு போனால், தபால்காரி முதுகில் மாட்டும் கூடை ஒன்றைத் தந்தாள். சரிவுக் காணியில் மண் வருடா வருடம் கீழே இறங்கிவிடுமாம். விதைப்பதற்கு முன் கீழ் விளிம்பில் சேர்ந்த மண்ணை அள்ளி, முதுகில் சுமந்து, மேல் விளிம்பில் கொட்ட வேண்டுமாம். நான் தட்டையான ஊரில் பிறந்தவள். எங்கள் மண் போட்ட இடத்தில் கிடக்கும். நடந்து திரியும் மண்ணை எனக்குத் தெரியாது.

"மிஷினால ஏலாதோ?" என்று கேட்டேன்.

"படி ஒடுக்கம், மிஷின் திரும்பாது. திரும்பினாலும் இது கையால செய்யிறதுதான்."

"இது வேலையோ, சடங்கோ?"

அவள் யோசித்தாள். "எனக்கும் தெரியாது. அம்மா சொன்னவ, செய்யிறம்."

மேலே வேலியோரம் ஒருவர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படிகளில் இதுவரை வைக்கோல் வெட்டிய மாட்டுக்காரர். அறுபது வயது இருக்கும். காணி போன கோபம் முகத்தில் தெரிந்தது. ஒரு கூடை தூக்கினால் என்ன என்று தபால்காரி கேட்டாள். "இதில விளைஞ்சதைத் தின்டவன் தூக்கோணும். அதுதான் முறை. நான் தின்னேல்லை" என்றார். அப்போது நாங்கள் யாருமே தின்னவில்லையே என்று நான் கேட்டேன். தபால்காரி தன் பாட்டன் பூட்டன் தின்றுவிட்டுத் தூக்காமல் போன கணக்கு இது என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் பதினேழு கூடை தூக்கினேன். அடுத்த நாள் கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியவில்லை, கணவர்தான் தலை இழுத்துப் பின்னிவிட்டார்.

மே முடிவில் நட்டோம். மேல்படியில் பார்லி, நடுப்படியில் உருளைக்கிழங்கு. கீழ்ப்படியின் ஒரு மூலை சும்மா கிடந்தது. கல் நிறைந்த மூலை. ஹோட்டல் வேலையில் மதியச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேர ஓய்வு வரும். மற்றவர்கள் படுப்பார்கள், நான் அந்த மூலைக்குப் போனேன். குனிந்து கல் பொறுக்கினேன். மூன்று கிழமை பொறுக்கினேன். கல்லடியில் மண் கறுப்பாக, நல்ல வாசத்தோடு வந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? எங்கள் ஊரில் கல்லை எடுத்தால் அது எல்லைக்குப் போகும். யோசித்துச் செய்யும் காரியம் இல்லை, கை தானாகச் செய்யும். ஒரு சாண் வேலிக்காக அண்ணன் தம்பி வழக்காடி, பிள்ளைகள் காலத்திலும் வழக்கு முடியாத ஊர் அது. வேலி இல்லாத காணியை எங்கள் ஆட்கள் காணி என்றே சொல்ல மாட்டார்கள். நான் சுத்தம் செய்த துண்டின் நான்கு பக்கமும் கல்லை அடுக்கினேன். வடிவாகத்தான் இருந்தது. கை தானாகச் செய்தது என்று இப்போது எழுதுகிறேன். ஆனால் இரண்டாவது கிழமையில் நான் தட்டையான கல்லாகத் தேடித் தேடி எடுத்ததும் நினைவிருக்கிறது. அது எந்தக் கை என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி போனில் அழைத்தான்.

"அக்கா, ஆமி எங்கட பக்கத்தை விட்டிட்டான். நேற்றுப் போய்ப் பார்த்தனான்."

நான் கல்லும் கையுமாக நின்றேன். முப்பது வருடத்துக்கு மேலாக இராணுவம் வைத்திருந்த எங்கள் காணி. நாங்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்த செம்மண், எட்டுப் பரப்பு, அரை ஏக்கர் வரும். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை. டோசர் போட்டு வழிச்சுப் போட்டாங்கள். வேலி இல்லை, கிணறு தூர்ந்துபோச்சு, எங்கட எது, பக்கத்து வளவு எது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. நான் அப்ப சின்னப் பெடியன். நீங்கள் வந்து எல்லை காட்டினாத்தான் உண்டு."

"கோயில் மதிலின்ர மூலையில இருந்து கிழக்கால அறுபது கவடு வைச்சு நட. அதில எங்கட வேலியின்ர முதல் கதியால்."

"கோயில் மதிலும் இல்லை அக்கா."

ஒரு சாணும் விட்டுக்கொடுக்காதே என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு என் கல் வரிசையைப் பார்த்தேன். என் சொந்த எட்டுப் பரப்பில் ஒரு கல் இல்லை. இங்கே யாருடைய மண்ணிலோ நான் எல்லை கட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு அழுவதா, சிரிப்பதா, மூளை கழன்றுவிட்டதா என்று டொக்டரைக் கேட்பதா? வேலைக்கு நேரமாகிவிட்டது, போய் வெங்காயம் உரித்தேன்.

யூலையில் தபால்காரி பின்கதவுக்கு வந்தாள். கையில் கடிதம் இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை.

"அந்தக் கல்லை எடுத்துப் போடு."

"ஏன்?"

"ஊர் முழுக்கக் கதை. ஹோட்டல்காரி பொதுக்காணியில துண்டு பிடிச்சிட்டாள் எண்டு. கூட்டத்தில இதைத்தான் சொல்லுவன் எண்டு மாட்டுக்காரர் நிக்கிறார். அப்பிடிச் சொன்னா எல்லாருக்கும் காணி போயிடும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று கிழமை முதுகு உடையப் பொறுக்கினேன். அப்போது ஒருவரும் வந்து ஒரு கல் எடுத்துத் தரவில்லை. இப்போது நான் கள்ளி. "நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?" என்று கேட்டேன். "நான் நினைக்கிறது கூட்டத்தில எண்ணப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் இல்லை என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அடுத்த நாள் ஓய்வில் போய்க் கல்லைக் கலைக்கத் தொடங்கினேன். இரவு பெய்த இடிமழையில் மண் எல்லாம் ஈரம். பாதியில் மாட்டுக்காரர் வந்தார். உதவவும் இல்லை, போகவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எதுக்கு அடுக்கினீங்கள்?"

பொய் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. "எங்கட ஊரில அப்பிடித்தான். கல் எல்லைக்குப் போகும்."

"உங்களுக்கு அங்க காணி இருக்கோ?"

"இருக்கு. ஆமி பிடிச்சு வைச்சிருந்தது. இப்ப விட்டிட்டாங்கள். எல்லை தெரியேல்லை."

அவர் பள்ளத்தாக்கின் மற்றப் பக்கத்தைக் காட்டினார். அங்கே புல்வெளி நடுவில் நீளமான இரும்புக் கம்பங்கள் நான்கு நின்றன. இந்த நாட்டில் வீடு கட்ட முன், அதன் உயரத்தையும் மூலைகளையும் காட்ட அப்படிக் கம்பம் நட வேண்டும். "முதல்ல நாலு மூலையில எதையாவது நட்டுவைப்பாங்கள். ரெண்டு வருசத்தில யன்னல் பூட்டின வீடு வரும். எங்கட ஆக்களுக்கு ஆமி வரேல்லை. நாலு கம்பந்தான் வந்தது. நீங்கள் நாலு பக்கம் கல் வைச்சதைக் கண்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது."

நான் நாற்பது கிலோ உருளைக்கிழங்கு உரிக்கும் கூலிக்காரி, விடுமுறை வீட்டுக்காரி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கண்ணில் நான் ஹோட்டலின் ஆள். ஹோட்டல் யாருடைய ஆள்? வந்துபோகும் வெளியூர்க்காரரின் ஆள்.

அவர் கீழ் வரிசையைக் காலால் தட்டிப் பார்த்தார். இரவு மழையில் இறங்கிய மண் அந்தக் கல்லில் முட்டி, ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்து நின்றது. "இதை விடுங்கோ. மற்ற மூண்டையும் எடுங்கோ" என்றார். நான் மூன்று வரிசையையும் எடுத்தேன். அந்தக் கல் எல்லாவற்றையும் எங்கே போடுவது என்று மறுபடி தெரியாமல், ஒரு மூலையில் குவித்துவிட்டு வந்தேன்.

செப்டெம்பரில் கிழங்கு கிண்டினோம். நான் மூன்று ஓய்வுகளும் ஒரு லீவு நாளும் கிண்டினேன். சின்னக் கிழங்குதான், ஆனால் நிறைய. கூட்டம் முடியும்வரை பிரிக்கக் கூடாது என்று பள்ளிக்கூட நிலவறையில் வைத்துப் பூட்டினார்கள்.

ஒக்டோபரில் கூட்டம். வாக்கு இல்லாதவர்களுக்குப் பின் சுவரோரம் கதிரை போட்டிருந்தார்கள். இம்முறை நான் ஃபைல் கொண்டு போகவில்லை. முதல் தீர்மானம், படிகளை இன்னும் பத்து வருடத்துக்குப் பயிருக்குத் தருவதா என்பது. கைகள் எழுந்தன. எண்ணினார்கள். வென்றுவிட்டது. மாட்டுக்காரரின் கையும் எழுந்திருந்தது. என் கல்லைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டாவது தீர்மானம், பங்கு ஊர்க்குடிக் குடும்பங்களுக்கு மட்டும் என்பது. மறுபடி கைகள் எழுந்தன. முதலில் எழுந்த கைகளில் ஒன்று தபால்காரியின் கை.

வெளியே வந்ததும் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். "வெண்டிட்டம்!" என்றாள்.

"ஆர் வெண்டது?" என்றேன். "நீ எனக்கு எதிராக் கை தூக்கினனீ."

அவள் கைகளை எடுத்துவிட்டாள். "உனக்கு எதிரா இல்லை. இஞ்ச வீடு இருக்கிற எல்லாருக்கும் பங்கு எண்டு எழுதினா, அந்தப் பூட்டின வீட்டுக்காரர் நாளைக்கே வக்கீலோட வந்து நிப்பாங்கள். அவங்களை வெளியில விட வேற வழி இல்லை."

"அவங்களுக்குப் பூட்டின கதவில எனக்கும் பூட்டு."

"நீ குடியுரிமைக்கு எழுது. இருபத்திரண்டு வருசம் இருக்கிறாய்."

"ஆருக்கு எழுதிறது?"

அவள் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எங்களுக்குத்தான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. நியாயம் இல்லாமல் செய்திருந்தால் நாலு பேச்சுப் பேசிவிட்டு வந்திருப்பேன். அன்று நேரே வீட்டுக்கு வந்து, தம்பிக்கு அழைத்தேன். பக்கத்து வளவுக்காரர் பிரான்ஸிலிருந்து வந்திருக்கிறார், அவரும் எல்லை தெரியாமல் நிற்கிறார் என்றான்.

"அவரோட கதைச்சு, ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளுற இடத்தில வேலியைப் போடு" என்றேன்.

"ஒரு சாணும் விடாதே எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"ஓம், சொன்னனான். இப்ப இப்பிடிச் சொல்லுறன்."

அவன் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களுக்குச் சுகமோ?" என்று கேட்டான்.

சனிக்கிழமை கிழங்கு பிரித்தார்கள். நான் போகவில்லை. ஹோட்டல் பின்வாசலில் காலி மரக்கறிப் பெட்டிகளை மிதித்து மடித்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்காரர் தோளில் ஒரு மூட்டையோடு வந்தார். மற்ற மூட்டைகளில் குடும்பப் பெயர் சோக்குக்கட்டியால் எழுதியிருந்ததை யன்னலால் கண்டிருந்தேன். இதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன், அவர் இறக்கி வைக்க முன்னமே. "எனக்குப் பங்கில்லை எண்டு நீங்களும்தான் கை தூக்கினீங்கள்."

"இது பங்கில்லை."

"அப்ப தானமோ? எனக்குத் தானம் தேவையில்லை. இந்தக் குசினியில கிழங்குக்குக் குறைவில்லை."

"தானமும் இல்லை." அவர் மூட்டையை இறக்கவில்லை, தோளிலேயே வைத்திருந்தார். பாரத்தில் முகம் சிவந்திருந்தது. "இதைத் தின்டா ஏப்ரலில மண் தூக்கோணும். தின்ட வீடு தூக்கோணும், வருசா வருசம். ஊர்க்குடியோ இல்லையோ எண்டு அதில இல்லை. தூக்கேலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, கொண்டு போறன்."

இது என்ன மாதிரி மனிதர்கள் என்று நினைத்தேன். உரிமை தரமாட்டார்கள், கடமை மட்டும் தருவார்கள். தோளில் சுமந்துகொண்டு வந்து தருவார்கள், வாங்கு என்றும் கெஞ்ச மாட்டார்கள். இதை மரியாதை என்று எடுப்பதா, அவமானம் என்று எடுப்பதா? கணவர் குசினிக்குள்ளிருந்து கத்தினார்: "வாசல்ல வைச்சு மனிசனைக் கொல்லாதையும். ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை!"

"வையுங்கோ" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அன்று பின்னேரம் அதில் நாலு கிழங்கைப் பிரட்டல் கறி வைத்தேன். உப்புக் காணாது என்றார் கணவர். எனக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.

மாரி முழுக்க அந்த மூட்டையைத் தின்றோம். குடியுரிமைப் பத்திரத்தை மகள் பாடனிலிருந்து நிரப்பி அனுப்பினாள். அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கையெழுத்து வைக்க எடுப்பேன், பார்ப்பேன், திருப்பி வைப்பேன். எனக்குப் பங்கில்லை என்று எழுந்த அதே கைகளிடம் போய் நிற்க வேண்டுமே. வைக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போன கிழமை தபால்காரி பின்கதவுக்கு வந்தாள். ஒக்டோபருக்குப் பிறகு நாங்கள் அளவாகத்தான் பேசுகிறோம். தாளை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டாள். ஊர்ச் சின்னம். ஏப்ரல் மாதம், சனிக்கிழமை காலை, மண் தூக்கும் நாள். இம்முறை எனக்கு வாசிக்க விளங்கியது. கீழே தூக்க வேண்டிய வீடுகளின் பட்டியல், பேனையால் எழுதி, நிரைப்படி. மாட்டுக்காரரின் வீடும் இருந்தது, அவரும் தின்றிருக்கிறார். எல்லாவற்றுக்கும் கடைசியில், எங்கள் ஊழியர் வீட்டின் இலக்கம். அது மட்டும் பென்சிலால்.

நான் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கணவரும் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"அழிக்க வசதியாப் பென்சிலால எழுதியிருக்கிறாங்கள்" என்றார்.

"பிறகு பேனையால எழுதலாம் எண்டும் இருக்கலாம்."

"என்னண்டு தெரியும்?"

"தெரியாது" என்றேன். தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, என் சேற்றுச் சப்பாத்து எங்கே என்று தேடப் போனேன்.